கேரவனோடு ஐரோப்பா, சீசன் இல்லாத மாதங்களில்: எந்தத் தள்ளுபடி யாருக்கு?

ஆகஸ்ட் முடிந்ததும் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி கேம்பிங் தளங்களின் விலைப்பட்டியல் தலைகீழாகிவிடும். ஜூலையில் நிற்க இடம் கிடைக்காத ஏரிக்கரையில் செப்டம்பரில் பாதி இடங்கள் காலி. அந்தக் காலி இடங்களை நிரப்பத்தான் தள்ளுபடி அட்டைகள், முன்பணச் சீட்டுகள், கிளப் சலுகைகள், நீண்ட தங்கல் விலைகள் என்று இத்தனை திட்டங்கள். காரின் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்கள் இவற்றில் எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சிலர் பயந்து எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள், அது இன்னும் மோசம்.

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, வீட்டுக் கடனையும் முடித்துவிட்டு, பிரிட்டனிலிருந்து கடல் தாண்டி ஐரோப்பாவுக்குக் கேரவனில் கிளம்பும் நம்மவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். கப்பல் கட்டணமும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு உள்ள 90 நாள் வரம்புத் தொல்லையும் மட்டும் அவர்களுக்கு இல்லை.

## எதை வைத்து அளப்பது

"60 சதவீதம் வரை தள்ளுபடி" என்று ஓர் அட்டை சொன்னால், அதில் கவனிக்க வேண்டியது 60 அல்ல, "வரை". எந்த விலையிலிருந்து 60 என்பது அடுத்த கேள்வி. சீசன் இல்லாத மாதத்தில் அந்தத் தளம் தன் வாசலுக்கு வருகிறவரிடம் கேட்கும் விலை என்னவோ, அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஆகஸ்ட் விலையோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் தெரியும்.

நான் பார்ப்பவை ஆறு. ஒன்று, விலைக்குள் எத்தனை பேர், எவ்வளவு மின்சாரம், எந்த வரி அடங்கும். இரண்டு, எந்தத் தேதிகளில் செல்லும். மூன்று, ஓரிடத்தில் எத்தனை இரவு தங்கப்போகிறீர்கள். நான்கு, உங்களுடையது இழுத்துச் செல்லும் கேரவனா, தானே ஓடும் மோட்டார்ஹோமா. ஐந்து, பணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டுமா, கட்டினால் காலாவதி உண்டா. ஆறு, உங்கள் பாதையில் அந்தத் திட்டத்தின் தளங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா.

ஆறாவதைப் பெரும்பாலானோர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். கேரவன் இழுக்கும் கார் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 1.70 யூரோ என்றால், தள்ளுபடித் தளத்தைத் தேடி 30 கிலோமீட்டர் விலகிப் போவதற்கே ஆறு யூரோ ஆகிவிடும். அங்கே மிச்சமாவது ஐந்து யூரோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

## நிலையான விலை அட்டை: கேம்பிங்கார்டு ஏசிஎஸ்ஐ

நெதர்லாந்தில் 1965-ல் தொடங்கிய ஏசிஎஸ்ஐ நிறுவனத்தின் அட்டை இது. ஐரோப்பாவில் சீசன் இல்லாத காலத் தள்ளுபடி என்றால் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ஏறக்குறைய இருபது நாடுகளில் 3,000 தளங்களுக்கு மேல் ஏற்கின்றன. அட்டைக்கு ஆண்டுக்கு 20 யூரோவை ஒட்டிய விலை. ஒவ்வொரு தளமும் நிலையான விலைப் படிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 15 யூரோவுக்கும் 27 யூரோவுக்கும் இடையில், இரண்டிரண்டு யூரோ ஏற்றமாக.

விலைக்குள் அடங்குபவை: நிற்கும் இடம், இரண்டு பெரியவர்கள், கார், கேரவன், வெந்நீர்க் குளியல், ஒரு நாய், நாளுக்கு 4 யூனிட் வரை மின்சாரம், மதிப்புக் கூட்டு வரி. சுற்றுலா வரி அடங்காது. பிரான்ஸில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள தளங்களில் அது பெரியவர் ஒருவருக்கு இரவுக்கு 20 முதல் 60 சென்ட் வரை. அதன்மேல் மாவட்டத்தின் கூடுதல் பங்கு சேரலாம். 18 வயதுக்குக் கீழே இல்லை. ஜெர்மனியின் சுகவாச ஊர்களில் இது கூடுதல்.

பணத்தை முன்கூட்டிக் கட்டத் தேவையில்லை. அட்டையைக் காட்டினால் அன்றைய இரவுக்கு அன்றைய காசு. மழை வந்தால் மறுநாளே கிளம்பிவிடலாம். சுற்றுலாவாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. சில தளங்கள் ஏழு இரவு தங்கினால் ஆறுக்கு மட்டும் காசு வாங்கும்.

இனி மறைவான செலவுகள். இந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் கடைசியில் வாங்கப்போவது இதைத்தான்.

மின்சாரத்தில் தொடங்குவோம். 4 யூனிட் என்பது மே மாதத்துக்குத் தாராளம். ஃப்ரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜர், ஒரு வேளைச் சோறு, எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அக்டோபர் இரவில் இரண்டு கிலோவாட் ஹீட்டரைப் போட்டால் இரண்டே மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஓடுவதற்குத் தளம் தனியாகக் கேட்கலாம். சில தளங்கள் கண்டுகொள்வதில்லை, சில இடங்களில் மின்கம்பத்தில் மீட்டர் இருக்கும். கிளம்பும் நாள் காலையில் அதைக் குனிந்து பார்த்து எழுதிக்கொள்ள ஒருவர் வருவார். நீங்கள் வந்து இறங்கியபோதே அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

யூனிட்டைவிட ஆம்பியர் முக்கியம். பழைய தளங்களில் 4 ஆம்பியர், 6 ஆம்பியர்தான் தருவார்கள். 6 ஆம்பியர் என்றால் ஒரே நேரத்தில் சுமார் 1,380 வாட். 4 ஆம்பியர் என்றால் 920. 700 வாட் ரைஸ் குக்கரும் ஃப்ரிட்ஜும் இதில் ஓடிவிடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டால் கேரவன் இருண்டுவிடும். கம்பத்தில் உள்ள பிரேக்கர் பூட்டியிருந்தால், இரவு எட்டு மணிக்கு வரவேற்பறைக் கதவைத் தட்ட வேண்டியதுதான். கேரவனுக்கென்றே விற்கும் குறைந்த வாட் கெட்டில் வாங்கி வைத்திருப்பவர்கள் இதை அனுபவித்தவர்கள். பிரான்ஸின் சில பழைய தளங்களில் வட்டமான நீல பிளக் பொருந்தாது, வீட்டுச் சுவரில் இருப்பதைப் போன்ற சாக்கெட் இருக்கும். அதற்கான இணைப்பு ஒன்றைப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டும்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. "இருவர்" என்ற சொல் நம் குடும்பங்களுக்குச் சரிப்பட்டு வருவதில்லை. அம்மாவையோ மாமியாரையோ வீட்டில் தனியே விட்டுவிட்டு யார் கிளம்புவது? மூன்றாவது ஆளுக்குத் தளத்தின் வழக்கமான கட்டணம் விழும். ஒரு மாதிரிக் கணக்கு: அட்டை விலை 21 யூரோ. கூடுதல் பெரியவர் 6. ஒன்பது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருவருக்கு 4 வீதம் 8. மூன்று பெரியவர்களுக்கு வரி ஏறக்குறைய 2. ஆக 37. பக்கத்து ஊரில் எந்த அட்டையும் ஏற்காத தளம் நான்கைந்து பேருக்குச் சேர்த்து 30 யூரோவுக்குக் கொடுக்கலாம். சிறு பிள்ளைகளைச் சில தளங்கள் விலைக்குள்ளேயே சேர்த்துக்கொள்கின்றன, அதையும் பார்க்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கோ கணக்கு மறுபுறம் உதைக்கும். இல்லாத இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துத்தான் அவர் கொடுக்கிறார்.

மூன்றாவது தேதி. சீசன் இல்லாத காலம் எது என்பதை அட்டை தீர்மானிப்பதில்லை, தளம்தான் தீர்மானிக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் பெரும்பாலும் இல்லை. ஈஸ்டர், விண்ணேற்ற விழா, பெந்தகொஸ்தே வார இறுதிகளையும் பல தளங்கள் கழித்துவிடும். இத்தாலியின் கார்தா ஏரிக்கரைக்கு மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் போக நினைப்பவர்கள் பவேரியாவின் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். பெந்தகொஸ்தேக்கு அங்கே இரண்டு வாரம் விடுமுறை. மியூனிக் பக்கத்து ஆட்கள் பிரென்னர் கணவாய் வழியாகப் பாதி நாளில் ஏரிக்கரையை நிரப்பிவிடுகிறார்கள். அட்டையை நீட்டினால் சிரிப்பார்கள். நெதர்லாந்தில் கூகென்ஹோஃப் டியூலிப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை திறந்திருக்கும். ஏப்ரல் 27 அரசர் தினமும் அதை ஒட்டிய மே விடுமுறையும் அதற்குள்ளேயே வருவதால், அந்த வாரங்களை ஒவ்வொரு தளத்தின் பக்கத்திலும் தனியே பார்க்க வேண்டும்.

கடைசியாக, அட்டை காலண்டர் ஆண்டுக்கு உரியது. நவம்பரில் கிளம்பிப் பிப்ரவரியில் திரும்புகிறவருக்கு இரண்டு அட்டை வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இரண்டு பேர், ஏப்ரல்–ஜூன் அல்லது செப்டம்பர், ஓரிடத்தில் மூன்று நான்கு இரவு என்று நகர்ந்துகொண்டே போகும் பயணத்துக்கு இதை அடிக்க வேறு இல்லை. இரவுக்கு ஐந்து யூரோ மிச்சம் என்று கொண்டாலும் நான்காம் இரவில் அட்டைக் காசு திரும்பிவிடுகிறது.

## முன்பணச் சீட்டு

ஒரு சீட்டு, ஓர் இரவு, இருவர், மின்சாரத்தோடு இடம். ஊரிலிருந்தே பத்து இருபது சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பும் முறை இது. கேம்பிங் செக் இதில் பெயர் பெற்றது.

கவர்ச்சி எங்கே என்றால், செலவு முன்பே தெரிந்துவிடுகிறது. நாணய மாற்று விலை ஏறினாலும் வாங்கிய சீட்டின் விலை ஏறாது. இந்தக் குழுவில் தளங்கள் நூற்றுக்கணக்கில்தான், ஆனால் பெரிய நீச்சல்குளம், உணவகம் உள்ள தளங்கள் அதிகம். நிலையான விலையில் சீட்டு வாங்கியவர் விலையுயர்ந்த தளமாகத் தேர்ந்து தங்கினால் லாபம் அவருக்கு.

குறை அதே இடத்தில்தான். மலிவான தளத்தில் தங்கினால் நஷ்டம். வாசலில் 16 யூரோவுக்குக் கிடைக்கும் இடத்துக்கு அதைவிட விலை கூடிய சீட்டைக் கிழித்துக் கொடுக்க மனம் வராது, வேறு தளம் தேடி ஓடுவீர்கள். சீட்டு உங்கள் பாதையை முடிவு செய்ய ஆரம்பித்துவிடும். மிஞ்சிய சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. உடம்புக்கு முடியாமல் பயணம் பாதியில் நின்றால் பணம் அதில் முடங்கிக் கிடக்கும்.

ஓரிரண்டு பெரிய தளங்களை முன்பே முடிவு செய்து, அங்கே மொத்தம் பத்துப் பதினைந்து இரவு தங்கப்போகிறவர், அந்தத் தளங்களின் சீசன் இல்லாத கால விலை சீட்டின் விலையைவிடக் கூடுதல் என்று சரிபார்த்துவிட்டு, சரியாக அத்தனை சீட்டு மட்டும் வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பெரிய நீச்சல்குளமும் அக்டோபரில் நீர் வடிந்து, மேலே தார்ப்பாய் மூடியிருக்க வாய்ப்பு உண்டு.

## அடையாள அட்டைகள்: கேம்பிங் கீ யூரோப், சிசிஐ

இவற்றைத் தள்ளுபடி அட்டை என்று விற்கிறார்கள். என் பார்வையில் இவை காப்பீட்டு அட்டைகள், தள்ளுபடி கொசுறு.

வரவேற்பறையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லும் தளங்கள் உண்டு. பாஸ்போர்ட்டைக் கைவிட விரும்பாதவருக்குக் கேம்பிங் கார்டு இன்டர்நேஷனல் என்ற சிசிஐ அட்டை பல இடங்களில் பதிலாகச் செல்லும். அதோடு, உங்கள் கூடாரக் கம்பி பறந்து அடுத்தவர் காரில் விழுந்தால் ஈடு கொடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து வரும். கேம்பிங் கீ யூரோப்பும் அதே வகை, ஸ்வீடன் பக்கம் போகிறவர்களுக்குப் பழகிய பெயர். தளத்தைப் பொறுத்துக் கொஞ்சம் விலைக் குறைப்பும் உண்டு. ஜூலை ஆகஸ்டிலும் சில இடங்களில் செல்லும் என்பதுதான் இவற்றின் தனிச் சிறப்பு.

விலை குறைவு, வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் கேம்பிங்கார்டு ஏசிஎஸ்ஐக்கு மாற்று என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான். ஒரே தளத்தில் இரண்டு தள்ளுபடியைச் சேர்த்துக் கேட்கவும் முடியாது.

## கிளப் வழியாக முன்பதிவு

பிரிட்டனில் இரண்டு பழைய கிளப்புகள்: 1901-ல் தொடங்கிய கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப், 1907-ல் தொடங்கிய கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப். இரண்டுமே உறுப்பினர்களுக்கு வெளிநாட்டுத் தளங்களையும் கப்பலையும் சேர்த்துப் பதிவு செய்து கொடுக்கின்றன.

தள வாடகையை மட்டும் பார்த்தால் இது மலிவல்ல. கப்பலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழு மீட்டர் கேரவனை இழுத்துக்கொண்டு போர்ட்ஸ்மத்திலிருந்து சன்டான்டர் போகும் கட்டணத்துக்கு முன்னால் இரவுக்கு ஐந்து யூரோ மிச்சம் ஒன்றுமே இல்லை. கிளப் மூலம் கிடைக்கும் கப்பல் குறைப்பு ஒரே பயணத்தில் உறுப்பினர் கட்டணத்தை ஈடு செய்யக்கூடும். அதே தேதிக்குக் கப்பல் நிறுவனத்தின் சொந்த விலையையும் பார்த்துவிட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். கேரவனின் நீளத்தை அளக்கும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுகம்பியையும் பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள்.

முதன்முதலாகக் கடல் தாண்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஏதாவது தவறினால் ஆங்கிலத்தில் பேச ஒரு தொலைபேசி எண் இருப்பது பெரிய தைரியம். இரண்டாம் பயணத்திலிருந்து தள முன்பதிவை விட்டுவிட்டுக் கப்பலுக்கு மட்டும் கிளப்பைப் பயன்படுத்தலாம். முன்பதிவை மாற்றினால் கட்டணம் விழும், முன்கூட்டிக் கிளம்பினால் மீதி இரவின் காசு வராமல் போகலாம்.

## நேரடியாகக் கேட்பது

குளிர்காலம் முழுக்க ஸ்பெயினின் கிழக்குக் கரையில், பெனிடோர்ம், பெனிஸ்கோலா பக்கம், அல்லது போர்ச்சுகலின் அல்கார்வே கரையில் தங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அங்குள்ள தளங்கள் மாதக் கணக்கில் விலை வைத்திருக்கின்றன. 30 இரவு, 60 இரவு, 90 இரவு என்று ஏற ஏற ஓர் இரவின் விலை குறையும். தளத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும். டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் பிரிட்டிஷ்காரர்களும் ஆண்டுதோறும் அதே இடத்தைப் பிடித்துவைப்பதால், நல்ல தளங்களுக்குக் கோடைக்குள்ளேயே எழுதிவிடுவது உத்தமம்.

மாத விலையில் மின்சாரம் பெரும்பாலும் தனி. ஒன்றரைக் கிலோவாட் ஹீட்டர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். யூனிட் 40 சென்ட் என்று கொண்டால் நாளுக்கு 4.80 யூரோ, மாதத்துக்கு 144. பகலில் வெயில் அடிக்கும் ஊர்தான், ஜனவரி இரவில் கேரவனுக்குள் அது தெரியாது. எரிவாயுவில் சூடேற்றுகிறவர்கள் பிரிட்டனில் வாங்கிய பெரும்பாலான சிலிண்டர்களை அங்கே மாற்றிக்கொள்ள முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தெற்கு நோக்கிய இடமா, வடக்கு நோக்கிய இடமா என்று கேட்டு வாங்குவது ஒரு மாத மின்கட்டணத்தைக் கணிசமாக மாற்றும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்காரர்களுக்கு இன்னொரு கடிவாளம்: ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை 151 நாள், அது இனி நடக்காது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் நுழைவையும் வெளியேற்றத்தையும் மின்னணு முறையில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். முத்திரையைப் பார்த்து எண்ணுகிற காலம் போய்விட்டது. நம் குடும்பங்களில் ஜெர்மனி, நெதர்லாந்து வழியாகப் பிரிட்டனுக்கு வந்தவர்கள் நிறைய, ஒரே கேரவனில் பிரிட்டிஷ், ஐரோப்பிய ஒன்றியம் என்று இரண்டு வகைப் பாஸ்போர்ட் இருக்கலாம், வரம்பு முன்னதற்கு மட்டும். 90 நாள் தங்கலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், போக வர பிரான்ஸில் தங்கும் இரவுகளையும் அந்த 90-க்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

## அட்டையே வேண்டாம்: பிரான்ஸின் நகராட்சித் தளங்கள்

ஆற்றங்கரை, பக்கத்தில் ரொட்டிக்கடை, சுத்தமான குளியலறை, மாலையில் காசு வாங்க வரும் ஒரு நகராட்சி ஊழியர். லுவார் ஆற்றங்கரையிலும் தோர்தோன் பள்ளத்தாக்கிலும் இப்படிப்பட்ட தளங்கள் பல. பொழுதுபோக்கு எதுவும் கிடையாது. ஆளுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடுவதால், தனியாகப் போகிறவருக்கும் மின்சாரம் வேண்டாதவருக்கும் தள்ளுபடி அட்டையைவிட இதுவே மலிவாக முடியும். இரண்டு நட்சத்திரம் வரை சுற்றுலா வரியும் 20 சென்ட்தான்.

பல நகராட்சித் தளங்கள் செப்டம்பர் நடுவிலோ கடைசியிலோ பூட்டிவிடும் என்பதுதான் சிக்கல். அக்டோபரில் பழைய தகவலை நம்பிப் போய் நின்றால், மூடிய கதவின் முன் கேரவனைத் திருப்ப இடம் இல்லாமல் தவிக்க வேண்டியிருக்கும். சிறிய தளங்கள் சிலவற்றில் ரொக்கம் மட்டுமே செல்லும். மற்ற இடங்களில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கட்டணம் பிடிக்காத வங்கி அட்டையைக் கொண்டுபோங்கள். வழக்கமான பிரிட்டிஷ் கிரெடிட் கார்டு ஏறக்குறைய 3 சதவீதம் பிடித்துக்கொள்ளும்.

## கேரவன்காரர்கள் ஏமாறும் இடம்

பிரான்ஸ் பாசியோன் திட்டத்தில் திராட்சைத் தோட்டத்திலும் பண்ணையிலும் ஓர் இரவு இலவசமாக நிறுத்தலாம். பிரான்ஸின் ஊர்தோறும் இருக்கும் நிறுத்தங்களில் சில யூரோவுக்குத் தங்கலாம். ஜெர்மனியின் மோசல் நதிக்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழேயே வண்டிகள் வரிசையாக நிற்கும். இவற்றைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். இவை கழிவுநீரைத் தனக்குள்ளேயே தாங்கும் மோட்டார்ஹோம்களுக்கு உரியவை. இழுத்துச் செல்லும் கேரவனைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். மோட்டார்ஹோம் வைத்திருப்பவருக்கு முதல்தரமான தேர்வு, கேரவன் வைத்திருப்பவருக்குப் பூஜ்யம்.

## ஒரே பார்வையில்

| திட்டம் | விலைக்குள் யார், என்ன | முன்பணம் | மறைவான செலவு | பொருந்தும் பயணம் |
|---|---|---|---|---|
| கேம்பிங்கார்டு ஏசிஎஸ்ஐ | இருவர், 4 யூனிட் மின்சாரம், ஒரு நாய் | அட்டைக்கு மட்டும் | கூடுதல் ஆள், ஹீட்டர், சுற்றுலா வரி, விழாக்கால விலக்கு | நகர்ந்துகொண்டே போகும் இருவர் |
| முன்பணச் சீட்டு | இருவர், மின்சாரம் | முழுவதும் | காலாவதி, மலிவான தளத்தில் நஷ்டம் | ஓரிரு பெரிய தளங்கள், முடிவான தேதி |
| சிசிஐ, கேம்பிங் கீ | காப்பீடு, சிறு குறைப்பு | அட்டைக்கு மட்டும் | எதிர்பார்த்த தள்ளுபடி கிடைக்காது | துணை அட்டையாக |
| கிளப் முன்பதிவு | பதிவு செய்த அளவு | உண்டு | மாற்றக் கட்டணம் | முதல் பயணம், நீண்ட கப்பல் |
| நேரடி மாத விலை | பேசிக்கொண்டபடி | பெரும்பாலும் உண்டு | மின் மீட்டர், 90 நாள் வரம்பு | குளிர்கால ஸ்பெயின், போர்ச்சுகல் |
| நகராட்சித் தளம் | ஆள் கணக்கு | இல்லை | சீக்கிரம் பூட்டிவிடும் | தனியாள், செப்டம்பர் வரை |

எந்தத் திட்டத்திலும் அடங்காத சாலைச் செலவு வேறு இருக்கிறது. பிரான்ஸ் நெடுஞ்சாலையில் இரண்டு மீட்டர் உயரத்தைத் தாண்டினால் இரண்டாம் வகுப்புக் கட்டணம், வழக்கமான கேரவன் எல்லாமே தாண்டும். சுவிட்சர்லாந்து வழியாகப் போனால் காருக்கு 40 பிராங்க், கேரவனுக்குத் தனியே இன்னொரு 40. கார்தா ஏரியில் இரண்டு வாரம் அட்டை மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதி எல்லையிலேயே போய்விடும்.

## ஆக, யார் எதை வாங்குவது

கணவன் மனைவி இருவர், செப்டம்பரில் மூன்று வாரம், காலேயிலிருந்து லுவார், தோர்தோன், பிரனீஸ் என்று இறங்குகிறவர்கள்: கேம்பிங்கார்டு ஏசிஎஸ்ஐ ஒன்று போதும். வழியில் நல்ல நகராட்சித் தளம் தென்பட்டால் அட்டையை மறந்துவிட்டு அங்கே நில்லுங்கள். அட்டை வாங்கியாயிற்றே என்று அதற்காகவே தளம் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் வீண் செலவு.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சீசன் இல்லாத காலமே அரிது. ஈஸ்டர் விடுமுறையும் அக்டோபர் கடைசி வாரமும்தான் கையில். முன்னதில் பண்டிகை வார இறுதிக்குப் பல தளங்கள் அட்டையை ஏற்காது, பின்னதில் வடக்கே பாதித் தளங்கள் மூடிக் கிடக்கும். மோசல் கரையில் ஆறு பெருகும் பயத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை இடமே தராத தளங்களும் உண்டு. இவர்கள் அட்டையை விட்டுவிட்டு, திறந்திருக்கும் மூன்று தளங்களுக்கு ஆட்களின் வயதோடு மின்னஞ்சல் எழுதி மொத்த விலை கேட்பதே நல்லது.

குளிரைத் தவிர்க்கத் தெற்கே போகிற ஓய்வு பெற்றவர்களுக்கு நேரடி மாத விலை. போகவர வழியில் ஒரு வார இரவுகளுக்கு அட்டை வேண்டுமா என்றால், அந்த மாதங்களில் பிரான்ஸில் திறந்திருக்கும் தளங்களை எண்ணிப் பார்த்த பிறகு சொல்லுங்கள். புத்தாண்டைத் தாண்டும் பயணம் என்றால், ஆண்டுக்கு ஒன்றாக இரண்டு அட்டை வாங்கும் காசு பெரும்பாலும் தேறாது.

ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு மே கடைசியிலோ ஜூனிலோ கேரவனோடு போக நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மாதத்தைப் பார்த்தால் சீசன் இல்லாத காலம். ஆனால் பெந்தகொஸ்தேயும் கார்ப்பஸ் கிறிஸ்டியும் அந்த வாரங்களையே சுற்றி வரும், பின்னது நார்த்ரைன்-வெஸ்ட்பாலியாவில் அரசு விடுமுறை. தேர்த் தேதி எந்த ஆண்டில் எந்த வார இறுதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து அட்டை செல்லலாம், செல்லாமலும் போகலாம். ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடும் நாள் அது. தேதி தெரிந்த அன்றே தளத்துக்கு எழுதி, அட்டையின் பெயரைச் சொல்லி, அந்த இரவுகளுக்கு ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காரில் எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள் என்பதையும் அதே கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.